ஆசைக்கு அளவுகோல் வைத்த ஆட்டக்களம்

2008 ஆகஸ்டில் அமெரிக்காவின் சியாட்டில் வட்டாரத்தில் 'கே சாஃப்ட்பால் உலகத் தொடர்' நடந்தது. தன்பாலீர்ப்பாளர்களின் அமெச்சூர் அணிகள் ஆண்டுக்கொரு முறை மோதும் போட்டி அது. சான் பிரான்சிஸ்கோவிலிருந்து வந்த 'டி2' என்ற அணி இறுதி ஆட்டம் வரை போய்த் தோற்றது. இரண்டாம் இடம் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பியிருந்தால் அந்த அணியை இன்று யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள். ஆனால் அந்த அணி விதியை மீறி ஆட்களை இறக்கியிருக்கிறது என்று ஆட்சேபம் கிளம்பியது. சில வீரர்கள் ஒருவர் பின் ஒருவராக ஓர் அறைக்கு அழைக்கப்பட்டார்கள். உள்ளே இருபத்தைந்து பேருக்கு மேல் உட்கார்ந்திருந்தார்கள்; பலர் முன்பின் அறியாதவர்கள். மட்டையைப் பற்றியோ பந்தைப் பற்றியோ யாரும் எதுவும் கேட்கவில்லை. உனக்கு ஆண்கள் மீது நாட்டமா, பெண்கள் மீதா, எது அதிகம் என்பதே விசாரணை.

விசாரித்தார்கள், வாக்கெடுத்தார்கள். மூன்று பேர் 'கே அல்லாதவர்கள்' என்று முடிவாயிற்று. அணியின் இரண்டாம் இடம் பறிக்கப்பட்டது. மூவரையும் ஓராண்டு தள்ளிவைக்கவும் பரிந்துரை போனது.

பின்னர் அந்த மூவரும் நீதிமன்றத்துக்குப் போனார்கள். தனக்கு இருபாலர் மீதும் ஈர்ப்பு உண்டு என்று ஒரு வீரர் சொன்னதற்கு, 'இது கே உலகத் தொடர், இருபாலீர்ப்பாளர் உலகத் தொடர் அல்ல' என்று அந்த அறையில் இருந்த ஒருவர் பதில் சொன்னதாக மனுவில் எழுதியிருந்தார்கள். மூவருமே வெள்ளையர் அல்லாதவர்கள். ஏறத்தாழ அதே மாதிரி பதில் சொன்ன வெள்ளை வீரர்கள் மட்டும் தேறிவிட்டார்கள் என்பது அவர்கள் தரப்பின் இன்னொரு குற்றச்சாட்டு.

வார இறுதியில் பந்தடிப்பதற்கும் ஒருவர் யாரை விரும்புகிறார் என்பதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத் தோன்றும். சம்பந்தம் இருக்கத்தான் செய்கிறது. அதைப் புரிந்துகொள்ளாமல் அந்த அறையில் இருந்தவர்களை மட்டும் திட்டுவது நியாயமாகாது.

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்ததே 1973-இல்தான். கலிபோர்னியாவில் அதைக் குற்றமாக்கிய சட்டம் 1976-இல்தான் நீங்கியது. அந்தக் காலத்தில் தன்பாலீர்ப்பாளர்கள் கூடுவதற்கு இருந்த முக்கிய இடம் பார். அங்கும் எந்த நேரமும் போலீஸ் நுழையலாம். சான் பிரான்சிஸ்கோவில் அந்த பார்களே காசு போட்டு அணிகளை நடத்தின. சட்டையின் முதுகில் ஊர்ப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பார் பெயர் இருந்தது. இருட்டில் ஒளிந்து சந்தித்துக்கொண்டிருந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை வெயிலில், ஊர் பார்க்க, பூங்கா மைதானத்தில் நின்றார்கள். அவர்களின் அணி நகரப் போலீஸ் அணியோடும் மோதியது. பாரில் சோதனைக்கு வந்த துறையைச் சேர்ந்தவர்கள் பூங்காவில் எதிரணியாக நின்றால் கூட்டம் கூடாமல் இருக்குமா?

சாஃப்ட்பால் இதற்குத் தோதான ஆட்டம். 1887-இல் சிகாகோவில் உள்ளரங்க விளையாட்டாகப் பிறந்தது. பேஸ்பாலின் தம்பி என்று சொல்லலாம். பந்து பெரிது, மைதானம் சிறிது. கையைத் தாழ்த்தி, பந்து வளைந்து இறங்குமாறு மெதுவாக வீசும் வகையில் தொந்தி விழுந்தவரும் ஆடலாம், ஐம்பதைத் தாண்டியவரும் ஆடலாம்.

1977-இல் இப்படி நகரங்களில் உருவான லீக்குகளை ஒன்றாக்கி வட அமெரிக்க கே அமெச்சூர் விளையாட்டுக் கூட்டமைப்பு உருவானது. கே உலகத் தொடரை நடத்துவது இதுதான். அந்த ஆண்டைக் கவனிக்க வேண்டும். ஆரஞ்சுச் சாறு விளம்பரங்களில் வந்துகொண்டிருந்த பாடகி அனிதா பிரையன்ட், தன்பாலீர்ப்பாளர்களிடமிருந்து குழந்தைகளைக் காப்பாற்றப்போவதாகப் பிரசாரம் செய்து, மயாமி வட்டாரத்தில் அவர்களுக்குப் பாதுகாப்பளித்த சட்டத்தை வாக்கெடுப்பில் தோற்கடித்தது அந்த ஜூன் மாதத்தில்தான். நாடே முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்த நேரத்தில், இது எங்கள் மைதானம் என்று சொல்லிக்கொள்ள ஓர் இடம் அவர்களுக்குத் தேவைப்பட்டது. டி2 மீறியதாகச் சொல்லப்பட்ட விதியை, அதாவது ஓர் அணியில் எதிர்பாலீர்ப்பாளர்கள் இரண்டு பேருக்கு மேல் கூடாது என்ற வரம்பை, இந்தத் தேவையோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

அந்தத் தேவையை இன்னும் நெருக்கமாகப் பார்க்க கிளென் பர்க்கின் கதை உதவும். லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் அணியில் ஆடிய தொழில்முறை பேஸ்பால் வீரர் அவர். 1977 அக்டோபர் 2 அன்று சக வீரர் டஸ்டி பேக்கர் அந்தப் பருவத்தின் முப்பதாவது ஹோம்ரன்னை அடித்துவிட்டு ஓடி வந்தபோது, அடுத்து ஆட வேண்டிய பர்க் கையை உயரத் தூக்கினார். பேக்கர் அந்தக் கையில் தன் கையை அறைந்தார். உலகமெங்கும் விளையாட்டு வீரர்கள் இன்று அடித்துக்கொள்ளும் 'ஹை ஃபைவ்' அங்கிருந்துதான் தொடங்கியது என்று பலரும் சொல்கிறார்கள். பர்க் தன்பாலீர்ப்பாளர். அணிக்குள் அது தெரிந்தும் இருந்தது. திருமணம் செய்துகொள், தேனிலவுச் செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று அணி நிர்வாகி பேசிப் பார்த்ததாக பர்க் பின்னாளில் சொன்னார். பெண்ணோடுதானே என்று பர்க் திருப்பிக் கேட்டாராம். 1978-இல் அவரை ஓக்லாந்து அணிக்கு மாற்றினார்கள். இருபத்தேழு வயதைக்கூட அவரது தொழில்முறை வாழ்க்கை தாண்டவில்லை.

அதன் பிறகு அவர் எங்கே ஆடினார்? சான் பிரான்சிஸ்கோவின் கே சாஃப்ட்பால் லீக்கில், காஸ்ட்ரோ பகுதியிலிருந்த 'பெண்டுலம்' என்ற பாரின் அணிக்காக. பெரிய லீக் கைவிட்டவரைப் பார் லீக் ஏந்திக்கொண்டது. இந்த லீக்குகளைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

ஆனால் இதே பர்க், வரம்பு விதிக்குச் சொல்லப்படும் இன்னொரு காரணத்தைக் கேள்விக்குள்ளாக்கிவிடுகிறார். விதியை ஆதரிப்பவர்கள் அடையாளத்தோடு ஆட்ட நியாயத்தையும் சேர்த்துப் பேசுவார்கள். நம்மூரில் பொங்கல் கபடிக்கு வெளியூர் ஆட்டக்காரரைக் காசு கொடுத்து இறக்குவதுபோல, கோப்பைக்காகப் பலசாலியான எதிர்பாலீர்ப்பு ஆண்களை அணிக்குள் திணித்துவிடுவார்கள் என்பது அவர்கள் பயம். தன்பாலீர்ப்பு ஆண் என்றால் பந்து எறியத் தெரியாதவன் என்ற பழைய கேலியை அவர்களே ஏற்றுக்கொண்டதுபோல இருக்கிறது இந்த வாதம். உலகின் தலைசிறந்த பேஸ்பால் லீக்கில் ஆடி, இறுதித் தொடர் வரை கண்டவர் பர்க். எதிரணிகளுக்கு அவரைவிட அநியாயமான ஆட்டக்காரர் கிடைத்திருக்க முடியாது. ஆனாலும் எந்த வரம்பும் அவரைத் தொடாது, ஏனென்றால் அவர் 'கே'. சுமாராக ஆடும் எதிர்பாலீர்ப்பு நண்பர் மட்டும் எண்ணிக்கைக்குள் வந்துவிடுவார்.

இத்தனைக்கும் திறமையை அளக்க அந்தக் கூட்டமைப்பிடம் நல்ல முறை ஒன்று ஏற்கெனவே இருந்தது. ஒவ்வொரு வீரருக்கும் ஒரு கேள்விப் பட்டியல்: பந்தை எவ்வளவு தூரம் எறிகிறார், எப்படி ஓடுகிறார், எங்கே பார்த்து அடிக்கிறார். பதில்களுக்குப் புள்ளி, புள்ளிக்குத் தக்க பிரிவு. வலுவான ஆட்டக்காரர் நிறைய இருந்தால் அணி மேல் பிரிவுக்குப் போய்விடும். ஆட்ட நியாயத்துக்கு இது போதும். பந்தைத் தூக்கி எல்லைக்கு வெளியே அடிப்பவர் வீட்டில் யாரோடு குடித்தனம் நடத்துகிறார் என்பது பந்துக்குத் தெரியாது.

சரி, நியாய வாதத்தை ஒதுக்குவோம். அடையாள வாதத்தை அப்படி எளிதாக ஒதுக்க முடியாது. ஒரு லீக்கில் பத்தில் ஒன்பது பேர் எதிர்பாலீர்ப்பாளர்களாக ஆகிவிட்டால் அங்கே வந்து மூச்சுவிடும் இளைஞனுக்கு அது பழைய இடமாக இருக்குமா என்ற கேள்வி உண்மையானது. சிறுபான்மையினர் கட்டிய வீட்டில் பெரும்பான்மையினர் விருந்தாளியாக வந்து கூடத்தையே எடுத்துக்கொண்ட கதைகள் எல்லா ஊரிலும் உண்டு. இந்த அளவுக்கு வரம்பு விதியின் பக்கம் நின்று பேசலாம்.

சிக்கல் அந்த விதியின் சொல்லமைப்பில் இருந்தது. 'கே' என்பவர் தன் பாலினத்தார் மீது 'முதன்மையான' நாட்டம் கொண்டவர். 'எதிர்பாலீர்ப்பாளர்' மற்ற பாலினத்தார் மீது 'முதன்மையான' நாட்டம் கொண்டவர். இரண்டே பெட்டி. இருபாலீர்ப்பாளர் எந்தப் பெட்டியில் விழுவார் என்று கண்டுபிடிக்க வேண்டுமானால் அவரது நாட்டத்தைத் தராசில் வைத்து, எந்தத் தட்டு தாழ்கிறது என்று பார்த்தாக வேண்டும். ஆல்ஃபிரட் கின்சி 1948-இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வில் பூஜ்யத்திலிருந்து ஆறு வரை ஓர் அளவுகோலைப் போட்டார். ஆண்களின் நாட்டம் இரண்டு முனைகளில் மட்டும் குவிந்திருக்கவில்லை, இடையிலும் பரவிக் கிடக்கிறது என்று காட்டவே அது. அறுபது ஆண்டு கழித்து ஒரு சாஃப்ட்பால் குழு அந்த இடைப்பட்ட பகுதியில் கோடு கிழிக்கக் கிளம்பியது. கின்சியின் குழுவினராவது ஆளைத் தனியாக உட்கார வைத்து, ரகசியம் காப்பதாக உறுதி சொல்லி, நீண்ட நேரம் பேசினார்கள்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. 2008-இல் அமெரிக்க ராணுவத்தில் 'கேட்காதே, சொல்லாதே' என்ற கொள்கை நடப்பில் இருந்தது. தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்பட்டால் வேலை போய்விடும், கொடுமையான கொள்கைதான். ஆனாலும் ஒரு சிப்பாயைக் கூப்பிட்டு நீ யாரை விரும்புகிறாய் என்று கேட்க அதிகாரிக்கு அனுமதி இல்லை. ராணுவ அதிகாரி கேட்கக் கூடாத கேள்வியைப் பந்தாட்டக் குழு கேட்டது.

2010 ஏப்ரலில் மூன்று வீரர்களும் சியாட்டிலில் உள்ள கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். அவர்களுக்காக வாதாடியது லெஸ்பியன் உரிமைகளுக்கான தேசிய மையம். சான் பிரான்சிஸ்கோவில் 1977-இல் தொடங்கிய அமைப்பு. அதாவது சாஃப்ட்பால் கூட்டமைப்புக்கு அதே வயது. ஒரே தலைமுறை கட்டிய இரண்டு நிறுவனங்கள் நீதிமன்றத்தில் எதிரெதிரே நின்றன. வாஷிங்டன் மாநிலத்தின் பாகுபாட்டுக்கு எதிரான சட்டத்தில் 2006-இல் பாலின ஈர்ப்பு சேர்க்கப்பட்டபோது எதிர்பாலீர்ப்பு, தன்பாலீர்ப்பு, இருபாலீர்ப்பு என மூன்றையும் பெயர் சொல்லியே எழுதியிருந்தார்கள். மனுதாரர்கள் பிடித்துக்கொண்டது அந்தச் சட்டத்தை.

கூட்டமைப்பு பிடித்துக்கொண்டது அரசமைப்பின் முதல் திருத்தத்தை. நாங்கள் தனியார் அமைப்பு, எங்களோடு யார் கூடலாம் என்று தீர்மானிப்பது எங்கள் உரிமை என்றது. இந்த வாதத்தின் பின்னால் இருந்த தீர்ப்புகளைப் பார்த்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. ஒன்று 1995-ஆம் ஆண்டுத் தீர்ப்பு: பாஸ்டன் நகரில் செயின்ட் பேட்ரிக் நாள் ஊர்வலத்தில் ஐரிஷ் வம்சாவளி தன்பாலீர்ப்பாளர், இருபாலீர்ப்பாளர் குழு தன் பதாகையோடு வர முயன்றது, ஊர்வலம் நடத்துபவர்கள் மறுக்கலாம் என்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். இன்னொன்று 2000-இல்: தன்பாலீர்ப்பாளர் என்பதற்காக ஓர் உதவிச் சாரணத் தலைவரை அமெரிக்கச் சாரணர் இயக்கம் நீக்கியது, ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் உச்ச நீதிமன்றம் இயக்கத்தின் பக்கம் நின்றது. தன்பாலீர்ப்பாளர்களை வெளியே நிறுத்தக் கட்டிய மதில்களுக்குப் பின்னால் ஒரு தன்பாலீர்ப்பு அமைப்பே போய் நின்றுகொண்டு, இருபாலீர்ப்பாளர்களை உள்ளே விட மறுத்தது.

சட்டப்படி அந்த மதில் தாங்கவும் செய்தது. எதிர்பாலீர்ப்பாளர் எண்ணிக்கைக்கு வரம்பு வைக்கக் கூட்டமைப்புக்கு உரிமை உண்டு என்று 2011-இல் நீதிபதி முடிவு சொன்னார். தன்பாலீர்ப்பு வாழ்க்கையை விளையாட்டின் வழியாக உலகுக்குக் காட்டுவது ஒரு கருத்து வெளிப்பாடு. அடையாளத்தைக் காத்துக்கொள்ள முடியாவிட்டால் அந்த வெளிப்பாடு நீர்த்துப்போகும் என்பது அவர் போக்கு. ஆனால் அந்த அறையில் மூன்று பேர் நடத்தப்பட்ட விதம் தனிக் கேள்வி, அது விசாரணைக்குப் போகட்டும் என்று விட்டுவைத்தார்.

அந்த விசாரணை நடக்கவில்லை. 2011 நவம்பரில் சமரசம் ஏற்பட்டது. மூவரையும் தகுதி நீக்கியது, இருபாலீர்ப்பாளரையும் சேர்த்துக்கொள்ளும் தன் நோக்கத்துக்குப் பொருந்தாது என்று கூட்டமைப்பு ஒப்புக்கொண்டது. டி2 அணிக்கு 2008-இன் இரண்டாம் இடம் திரும்பக் கிடைத்தது. வெளியிடப்படாத ஒரு தொகையும் தரப்பட்டது. இருபாலீர்ப்பாளர்களும் திருநர்களும் ஓர் அணியில் எத்தனை பேர் வேண்டுமானாலும் ஆடலாம் என்று அதற்கு முன்பே விதி மாறியிருந்தது. ராணுவத்தின் 'கேட்காதே, சொல்லாதே' முடிவுக்கு வந்து அப்போது இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. இந்தக் கூட்டமைப்பு இப்போது ஐ-பிரைட் சாஃப்ட்பால் என்ற பெயரில் இயங்குகிறது.

வழக்கு முடிந்துவிட்டது. இருபாலீர்ப்பாளரைப் பற்றிய சந்தேகம் அத்தனை எளிதில் முடிவதில்லை. தன்பாலீர்ப்பு வட்டங்களுக்குள்ளேயே அவரை மதில் மேல் பூனையாகப் பார்க்கும் வழக்கம் உண்டு. வசதிப்பட்டால் பெண்ணைக் கட்டிக்கொண்டு ஊரோடு ஒட்டிக்கொள்வார். அடி விழும்போது இருக்க மாட்டார். பாதி முக்காடு போட்டவர். இப்படிச் சொல்பவர்கள் எண்களைப் பார்த்தால் யோசிப்பார்கள். பியூ ஆய்வு மையம் 2013-இல் வெளியிட்ட கணக்கெடுப்பில், தங்களுக்கு முக்கியமானவர்களில் எல்லோருக்கும் அல்லது பெரும்பாலோருக்கும் விஷயம் தெரியும் என்று சொன்ன தன்பாலீர்ப்பு ஆண்கள் 77 சதவீதம். லெஸ்பியன்கள் 71 சதவீதம். இருபாலீர்ப்பாளர்கள் 28 சதவீதம். சொல்லாமல் இருப்பது சுகமாக இருப்பதால்தான் என்று இதைப் படிக்கலாம். சொன்னால் இந்தப் பக்கமும் நம்ப மாட்டார்கள், அந்தப் பக்கமும் நம்ப மாட்டார்கள் என்பதால்தான் என்றும் படிக்கலாம். சியாட்டிலில் அந்த அறைக்குள் நடந்ததைப் பார்த்த பிறகு இரண்டாவது விளக்கம்தான் கூடுதல் பொருத்தமாகத் தெரிகிறது.

இவர்கள் ஏதோ ஓரத்தில் ஒட்டிக்கொண்ட சிறு கூட்டமும் அல்லர். கேலப் நிறுவனம் 2025 தொடக்கத்தில் வெளியிட்ட கணக்குப்படி, பாலின, பாலீர்ப்புச் சிறுபான்மையினராகத் தங்களை அடையாளப்படுத்திக்கொள்ளும் அமெரிக்கர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இருபாலீர்ப்பாளர்கள். இவர்களை வெளியே நிறுத்தி அடையாளத்தைக் காப்பாற்றப் பார்த்தால் காப்பாற்ற உள்ளே இருப்பவர்கள் பாதிகூடத் தேற மாட்டார்கள்.

வேறு வழி தெரியாமல்தான் அப்படி விதி போட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. அதே சான் பிரான்சிஸ்கோவில், 1982-இல், டாம் வாடெல் வேறொரு வழியைக் காட்டியிருந்தார். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் டெகாத்லானில் ஆறாம் இடம் பிடித்த மருத்துவர் அவர். 'கே ஒலிம்பிக்ஸ்' நடத்தக் கிளம்பினார். அமெரிக்க ஒலிம்பிக் குழு அந்தப் பெயரைப் பயன்படுத்தக் கூடாதென்று நீதிமன்றத்தில் தடை வாங்கியது. 'கே கேம்ஸ்' என்று பெயர் மாறியது. கெசார் மைதானத்தில் டினா டர்னர் பாடத் தொடக்க விழா நடந்தது. ஆயிரத்து முந்நூறுக்கு மேற்பட்டோர் கலந்துகொண்டார்கள். யார் வேண்டுமானாலும் வரலாம், எந்த ஈர்ப்புடையவரும் வரலாம், தகுதித் தரமும் கிடையாது என்பதுதான் வாடெல் வைத்த அடிப்படை. பெயரில் 'கே' இருந்தது, வாசலில் காவலாளி இல்லை. ஒலிம்பிக் குழுவின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1987 ஜூனில் வாடெல் தரப்பு தோற்றது. அடுத்த மாதமே அவர் எய்ட்ஸால் இறந்தார். அந்த வாடெல், தன்பாலீர்ப்புப் பெண்ணான ஒரு தோழியோடு சேர்ந்து மகளைப் பெற்று, அவரைத் திருமணமும் செய்துகொண்டவர். கே கேம்ஸை உருவாக்கியவரையே சியாட்டில் அறையில் கொண்டுபோய் நிறுத்தி, மனைவி உண்டா, குழந்தை உண்டா என்று கேட்டிருந்தால் அந்த இருபத்தைந்து பேர் எப்படி வாக்களித்திருப்பார்கள்?

ரக்பியிலும் இதே பாதைதான். 1995-இல் லண்டனில் ஒரு பப்பில் பேச்சுவாக்கில் உருவான கிங்ஸ் கிராஸ் ஸ்டீலர்ஸ்தான் உலகின் முதல் கே ரக்பி சங்கம். 2001 செப்டம்பர் 11 அன்று கடத்தப்பட்ட யுனைடெட் 93 விமானத்தில் இறந்த மார்க் பிங்காம், கே ரக்பி ஆடியவர். அவர் நினைவாக 2002 முதல் பிங்காம் கோப்பை நடக்கிறது. இந்த வட்டத்தின் சங்கங்களில் இருபாலீர்ப்பாளரும் ஆடுகிறார்கள், எதிர்பாலீர்ப்பாளரும் ஆடுகிறார்கள். அதனால் பிங்காம் கோப்பையை யாரும் சாதாரண ரக்பிக் கோப்பை என்று நினைத்துக் குழம்பிவிடவில்லை. ஓர் இடத்தின் நிறத்தை அங்கே பேசும் பேச்சும் நடக்கும் விழாவும் நினைவில் வைத்திருக்கும் பெயர்களும் தீர்மானிக்கின்றன. உறுப்பினர் சதவீதத்துக்கு அதில் பங்கு உண்டு, ஆனால் சிறிய பங்கு.

ஒருவரின் ஈர்ப்பை வெளியிலிருந்து சோதிப்பது பற்றி மிகவும் கடினமான சூழலில் யோசித்த நீதிமன்றம் ஒன்று இருக்கிறது. சொந்த நாட்டில் தன்பாலீர்ப்பாளர் என்பதற்காகக் கொல்லப்படுவோம் என்று ஐரோப்பாவுக்கு ஓடிவரும் அகதிகளின் சொல்லை எப்படிச் சரிபார்ப்பது? பொய் சொல்லி உள்ளே வரவும் காரணம் இருக்கிறது, உண்மை சொல்பவரைத் திருப்பி அனுப்பினால் உயிர் போகும். அந்த நிலையில்கூட, படுக்கையறை விவரங்களைத் துருவிக் கேட்கக் கூடாது, 'சோதனை' எதுவும் நடத்தக் கூடாது, படம் எடுத்துக் காட்டினாலும் ஆதாரமாக ஏற்கக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2014 டிசம்பரில் சொல்லிவிட்டது. அது மனித மாண்புக்குப் புறம்பானது என்றது. ஒரு நாட்டின் குடியேற்ற அதிகாரிக்கே இல்லாத அதிகாரம், இரண்டாம் பரிசுக் கோப்பைக்காகக் கூடிய குழுவுக்கு எங்கிருந்து வரும்?

2011 சமரசம் இதை முழுதாகத் தீர்க்கவில்லை. இருபாலீர்ப்பாளர்கள் எண்ணிக்கையிலிருந்து விடுபட்டார்கள்; எதிர்பாலீர்ப்பாளர் இருவர் என்ற வரம்பு அப்போது தொடர்ந்தது. வரம்பு இருந்தால் மூன்றாவது ஆள் யார் என்று ஒருவர் எண்ணத்தான் வேண்டும். எண்ணினால் ஆட்சேபம் வரும். ஆட்சேபம் வந்தால் அறை வரும். இத்தனை வருடம் மனைவியோடு குடும்பம் நடத்தியவர் இருபாலீர்ப்பாளராக எப்படி இருக்க முடியும் என்று யாரோ கேட்பார்கள், அதற்கு அவர் பதில் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும். அடையாளத்துக்காக வரம்பு வைத்துத்தான் ஆக வேண்டும் என்று நினைக்கும் லீக்குகள் வைத்துக்கொள்ளட்டும். ஆனால் பதிவுப் படிவத்தில் வீரர் தன்னைப் பற்றி எழுதுவதே கடைசி வார்த்தையாக இருக்க வேண்டும். அதன் மேல் ஆட்சேபம் எழுப்ப எதிரணிக்கு வழி இருக்கவே கூடாது. யாராவது இரண்டொருவர் பொய் எழுதி உள்ளே வருவார்கள், வரட்டும். அவர்கள் வந்ததால் ஒரு கோப்பை கை மாறலாம். அந்த அறையைத் திறந்துவைத்தால் கேட்கப்படுபவர்கள் பெரும்பாலும் உண்மையைச் சொல்பவர்களாகத்தான் இருப்பார்கள்.

ஆட்சேபிக்க வேறு விஷயங்களுக்கா பஞ்சம்? வேறொருவர் பெயரில் ஆடுவது, திறமைப் புள்ளியைக் குறைத்துக் காட்டிக் கீழ்ப் பிரிவில் நுழைவது, பந்து கூடுதலாகப் பாயும்படி உள்ளே சுரண்டி மெலிதாக்கிய மட்டையைக் கொண்டுவருவது என்று அமெச்சூர் சாஃப்ட்பாலில் தில்லுமுல்லு நிறைய உண்டு. எல்லாவற்றுக்கும் பதிவேடும் சாட்சியும் உண்டு. மட்டையை அழுத்திப் பார்த்து அளக்கக் கருவியே இருக்கிறது. ஆட்சேபக் குழு அதையெல்லாம் பார்த்தால் தொடர் முடியும்வரை அதற்கு வேலை சரியாக இருக்கும்.